துடுப்பில் நான்காவது கோடு

பாரிஸ், 2 மார்ச் 2024

அன்பின் மரி-லூயிஸ் அக்காவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் நாந்த் நகரில் தங்கச்சி வீட்டில் சுகமாக இருப்பீர்கள், ரொட்டிக் கடைக்காரரோடு சண்டை பிடிக்கத் தொடங்கியும் இருப்பீர்கள்.

போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். போனில் நான் ஒரு வசனம் சொன்னால் நீங்கள் மூன்று சொல்வீர்கள். இது இடையில் மறிக்காமல் சொல்லவேண்டிய விஷயம்.

போர்த் து லா ஷப்பலுக்கு அங்கால் சின்னதாக ஒரு பியர் காய்ச்சும் இடம் திறந்திருக்கிறது. ஜெரமி என்பவர் நடத்துகிறார். முப்பத்தைந்து வயது இருக்கும், தாடி வயிறு வரைக்கும். உதவிக்கு ஆள் தேவை என்று கதவில் தாள் ஒட்டியிருந்தார். மூன்று நாள் அந்தக் கதவைத் தாண்டிப் போய் வந்துவிட்டு நான்காம் நாள் உள்ளே போய்விட்டேன். வீட்டில் காய்ச்சுவேன் என்றதும் அவர் சிரிக்கவில்லை. நான் காய்ச்சிய பியரில் ஆறு போத்தலும் அதன் செய்முறைத் தாளும் மார்ச் 27, புதன் காலை பத்து மணிக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அக்கா, பதினொரு வருடம் ரூ லூயி-பிளாங் சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவியிருக்கிறேன். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வேலை எனக்கு வேண்டும். இவ்வளவு ஆசைப்பட்டு நான் எதையும் கேட்டதில்லை.

இனிக் கெட்ட செய்தி. நீங்கள் ஜனவரியில் போன பிறகு, பெப்ரவரி 12 கடை பூட்டின திங்கட்கிழமை, எங்கள் பேல் ஏல் பியரை நான் தனியக் காய்ச்சினேன். மூன்று வருடமாக உங்கள் குசினியில், நீங்கள் கணினிக்கு முன்னால், நான் அடுப்பிலிருந்த பெரிய கிடாரத்துக்கு முன்னால் நின்று செய்த அதே பியர். முளைகட்டின பார்லி மால்ட் நாலே முக்கால் கிலோ. என் மொட்டைக்கறுப்பன் சிவப்பரிசி அரைக் கிலோ, கஞ்சியாகக் குழைய அவித்து. கசப்புக்கு ஹாப்ஸ் பூ மூன்று தரம். தண்ணீரை வழக்கம்போல எங்கள் மரத்துடுப்பை விட்டு, கோடு பார்த்து அளந்தேன். உங்கள் கிடாரம் உங்களோடு நாந்துக்குப் போய்விட்டதால் கடையிலிருந்து ஒன்று இரவல் வாங்கினேன்.

ஆறினபின் இனிப்பு அளக்கும் மிதவையை விட்டுப் பார்த்தால், கணக்குப் போடும் உங்கள் மென்பொருள் நாற்பத்தெட்டு என்கிறது, மிதவை ஐம்பத்தெட்டில் நிற்கிறது! இப்போது போத்தலில் அடைத்தாயிற்று. கணக்குப்படி மதுசாரம் ஐந்து வீதம் வரவேண்டும், வந்திருப்பது ஆறு. கசப்பும் தூக்கல். திரும்பக் காய்ச்ச நாள் காணாது. உங்கள் மென்பொருள் பொய் சொல்கிறது அக்கா. அதைத் திருத்தி, தாளை அச்செடுத்து அனுப்புங்கள்.

காய்ச்சும்போது கீழ்வீட்டுக் கமலராணி கதவைத் தட்டி, "என்ன ரஞ்சினி, பிட்டுக்கு மா வறுக்கிறியோ? வாசம் தூக்குது" என்றா. "ஓம்" என்றுவிட்டேன். பிட்டு எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறா.

அன்புடன்,
சிவரஞ்சினி


நாந்த், 6 மார்ச் 2024

ரஞ்சினிக்கு,

வேலைச் செய்தி படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "என்ன ஆச்சு, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள் என் தங்கை ஜெர்மேன். பியர் விஷயம் என்றேன். அதற்கு அவள் முகத்தைச் சுளித்த சுளிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. மென்பொருள் பொய் சொல்லாது. அதற்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? அதற்கு வேலை கிடைக்கப்போகிறதா? நாம் கொடுத்த எண்ணைத்தான் அது கூட்டிக் கழித்துத் தருகிறது. மூன்று வருடம் அது சொன்ன எண்ணிலேயே மிதவை நின்றது. நான் ஊரைவிட்டு வந்ததும் மாறிப்போயிற்று என்றால், மாறியது எது? கணினி என்னோடு இருக்கிறது. கை உன்னோடு இருக்கிறது. நீ சமையல்கட்டில் இருப்பவள். கறிக்கு உப்புப் போடுவது போல மால்ட்டை அள்ளிப் போட்டிருப்பாய். பக்கத்தில் நின்று கத்த நான் இல்லை.

சரி, போகட்டும். உனக்குத் தாள்தானே வேண்டும்? மால்ட்டிலிருந்து எவ்வளவு இனிப்பை இறக்கினோம் என்று சொல்லுகிற பெட்டி ஒன்று மென்பொருளில் இருக்கிறதல்லவா, திறன் என்று, நமக்கு எப்போதும் எழுபது? அதை எண்பத்தைந்து என்று மாற்றினேன். உடனே எல்லா எண்ணும் உன் போத்தலோடு ஒத்துப்போய்விட்டது. அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஆள் இதையெல்லாம் நோண்டிப் பார்க்கப் போவதில்லை.

முடிவெட்டிக்கொண்டு போ.

மரி-லூயிஸ்


பாரிஸ், 11 மார்ச் 2024

மதாம் மரி-லூயிஸ் அவர்களுக்கு,

தாள் கிடைத்தது. நன்றி.

மால்ட்டைக் கடைத் தராசில் இரண்டு தரம் நிறுத்தேன். என் மனுசன் பாலேந்திரன் பக்கத்தில் நின்று எண்ணைப் படித்தார். அவர் பியரைத் தொடாத ஆள். "வீட்டிலை கசிப்புச் சாராயம் காய்ச்சுறாள் எண்டு சனம் என்னைத்தான் சொல்லப்போகுது" என்று மூன்று வருடமாகப் புறுபுறுத்தாலும், எனக்காகத் தராசு பிடித்தவர். அவரும் உப்பு அள்ளிப் போட்டாராமோ?

எண்பத்தைந்தாம். பெரிய தொழிற்சாலைக்கு வருகிற எண், எங்கள் குசினியில், ஒரு வாளியிலும் ஒரு துணிப்பையிலும். அந்தத் தாடிக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? பிழை எங்கே என்று கேட்டேன். பிழையை மூடச் சொல்லிக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாளை மேசையில் வைத்து முதல் வரியிலிருந்து படித்தேன். மேலே ஒரு பெட்டி இருக்கிறது. "காய்ச்சியவர்: மரி-லூயிஸ்." அவ்வளவுதான். மூன்று வருடமாக நான் அந்தத் தாளைக் கிடாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, கீழே இருக்கிற எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். மேலே பார்க்க நேரமிருக்கவில்லை, கிண்டிக்கொண்டிருந்தேன். சிவப்பரிசி என்னுடையது. எந்தப் பூவை எப்போது போடுவது என்று மூக்கால் பார்த்துச் சொன்னது நான். அந்த ஒரு பெட்டிக்குள் எனக்கு இடமில்லை.

வேலை கேட்டுப் போகிறவள் வேறொருவரின் பெயர் போட்ட தாளோடு போகமுடியாது. நான் தாள் இல்லாமல் போகிறேன். இனி இது பற்றி எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
சிவரஞ்சினி பாலேந்திரன்


நாந்த், 14 மார்ச் 2024

சிவரஞ்சினிக்கு,

எழுதவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். படிக்காவிட்டால் குப்பையில் போடுங்கள்.

முப்பத்தொரு வருடம் நான் நகராட்சியில் பிறப்புப் பதிவேடு எழுதினேன். நானும் தமிழ் பேசுகிறவள் என்பதால் உங்கள் ஊர்க்காரர்கள் பிள்ளை பிறந்ததும் என்னிடம்தான் வருவார்கள், அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் போகும். ஓர் எழுத்துப் பிசகினாலும் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அலையும் என்று பயந்து பயந்து எழுதியவள் நான். அந்தக் கையால் இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

மென்பொருளை வாங்கிய அன்று, திறப்பதற்கு முன்னாலேயே அது ஒரு பெயர் கேட்டது. என் பெயரைத் தட்டினேன். அப்புறம் அந்தப் பெட்டியை நான் பார்க்கவே இல்லை. இது சாக்கு இல்லை. நடந்தது இதுதான். வெட்கமாக இருக்கிறது.

எண்பத்தைந்து விஷயத்திலும் நீங்கள் சொன்னது சரி. பதிவேட்டில் யாராவது அப்படிச் சுரண்டித் திருத்தியிருந்தால் நான் அவரை மேலதிகாரியிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

ஒரே ஒரு கேள்வி. இதற்குப் பதில் மட்டும் போதும். எத்தனை போத்தல் அடைத்தீர்கள்?

மரி-லூயிஸ்


பாரிஸ், 18 மார்ச் 2024

அன்பின் அக்கா,

கடிதத்தைக் குப்பையில் போடத்தான் நினைத்தேன். பாலேந்திரன் விடவில்லை. "மனுசி போத்தல் கணக்குத்தானே கேக்கிறா, அதைச் சொல்லன்" என்றார்.

எப்போதும் போல ஐம்பத்துநாலு போத்தல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். நாற்பத்துமூன்றோடு பியர் முடிந்துவிட்டது. பதினொரு போத்தல் வெறுமையாகவே நின்றன. நுரையிலும் அடிமண்டியிலும் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து, நாற்பத்துமூன்று என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. பதினொரு போத்தல் என்றால் மூன்றரை லீற்றருக்கு மேல். அவ்வளவும் எந்த மண்டியில் போகும்? அது முதலே இருந்திருக்காது!

இன்று திங்கள், கடை பூட்டு. முதலாளியிடம் கடைக் கதவின் திறப்பு வாங்கிப் போய், அதே கிடாரத்தை இறக்கி வைத்தேன். ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலால் எண்ணி எண்ணி ஊற்றினேன். துடுப்பில் நான்காவது கோடு, இருபது லீற்றர் என்று நீங்களும் நானும் கத்தியால் வெட்டிய கோடு, அதில் தண்ணீர் வந்து தொட்டபோது பதினொரு போத்தல்தான் ஊற்றியிருந்தேன். பதினாறரை லீற்றர். நம்பாமல் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். அதே பதினாறரை.

கோட்டை நாங்கள் வெட்டியது உங்கள் அகலக் கிடாரத்துக்கு. கடைக் கிடாரம் ஒடுக்கம், ஆனால் உயரம். உயரமாக நின்றதால் இது பெரிது என்றே நினைத்துவிட்டேன். துடுப்புக்கு உயரம் மட்டும்தானே தெரியும். இருபது லீற்றருக்கு வைத்த மால்ட்டைப் பதினாறரை லீற்றருக்குள் போட்டுவிட்டு, மிதவை ஏன் மேலே நிற்கிறது என்று உங்களோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

உங்கள் கணினி பொய் சொல்லவில்லை. என் கையும் பொய் சொல்லவில்லை. அதனால் பாதி வெட்கம்தான், முழு வெட்கம் இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் அக்கா. மதாம் என்று எழுதும்போது எனக்கே பொறுக்கவில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் நோகத்தான் செய்தது, அதையும் மறைக்கமாட்டேன்.

இப்போது என்ன செய்வது? இன்னும் ஒன்பது நாள்.

உங்கள்,
ரஞ்சினி


நாந்த், 21 மார்ச் 2024

என் ரஞ்சினிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. திறன் பெட்டியில் எழுபதைத் திரும்பப் போட்டேன். அளவுப் பெட்டியில் இருபதை அழித்துப் பதினாறரை என்று தட்டினேன். திரையில் ஐம்பத்தெட்டு வந்து நின்றது. நான் கைதட்டிய சத்தத்துக்கு ஜெர்மேன் அடுத்த அறையிலிருந்து மாதாவைக் கூப்பிட்டாள்.

உன் கையைப் பழித்ததற்கு மன்னித்துவிடு. தாளைக் கண்ணாலும் பூவை மூக்காலும் பார்த்து அளந்து போடுகிற கை அது. எனக்குத் தெரியாதா? தெரியும். நான் இல்லாமலே நீ காய்ச்சிவிட்டாய் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இதை எழுதுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் கேள். கிடாரம் என்று நீ சொல்லும் அந்த அண்டாவை நான் ஏன் தூக்கிக்கொண்டு வந்தேன் தெரியுமா? இங்கே காய்ச்சுவதற்கு இல்லை. பியர் வாசனை வந்தாலே ஜெர்மேன் எல்லாச் சன்னலையும் திறந்துவிடுகிறாள். வெறுங்கையோடு லா ஷப்பலை விட்டு வர மனசில்லை, அவ்வளவுதான். அது பால்கனியில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை உன்னிடம் விட்டிருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. ஆகையால் மீதிப் பாதி வெட்கம் என்னுடையது.

இப்போது காரியம். புதுத் தாள் இதோடு இருக்கிறது. பதினாறரை லீற்றர், ஐம்பத்தெட்டு, ஆறு வீதம். எல்லாம் உண்மை. காய்ச்சியவர் பெட்டியில் உன் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை, மூன்று தரம் பார்த்தேன். ஐந்து வீதம் காய்ச்சப் போய் எப்படி ஆறு வந்தது என்று அந்த ஆளிடம் நீயே சொல்லிவிடு. அவர் கேட்கும் வரைக்கும் காத்திருக்காதே.

துடுப்பையும் கொண்டுபோ.

உன் அக்கா,
மரி-லூயிஸ்


பாரிஸ், 28 மார்ச் 2024

அன்பின் அக்கா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பீர்கள். வேலை கிடைத்துவிட்டது. ஏப்ரல் 15 தொடக்கம்.

இனிப் பொறுமையாகக் கேளுங்கள். பாலேந்திரன் லீவு போட்டு வந்து, ஆறு போத்தலையும் துவாய்களில் சுற்றித் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். நான் துடுப்பைத் தோளில் வைத்திருந்தேன். ட்ராமுக்கு நின்ற சனம் முழுக்கப் பார்த்தது. "என்னோடை வாறாய் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். ஆனால் வாசலில் விட்டுவிட்டுப் போகாமல், முன்னால் இருந்த மதிலில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

உள்ளே போகமுன்னம் அந்த மதிலில் தாளை வைத்து ஒரு வேலை செய்தேன். காய்ச்சியவர் பெட்டிக்குள் என் பெயர் மட்டும் தனிய நின்றது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, ஒரு பத்து நிமிடம் ஆசை தீரப் பார்த்தேன். அதற்குப் பிறகு அது சரியில்லை என்று பட்டது. பெட்டிக்குள் இடமில்லாததால், பக்கத்து ஓரத்தில் பேனையால் "மரி-லூயிஸ்" என்று எழுதினேன். எழுத்துக் கொஞ்சம் சரிந்துவிட்டது.

ஜெரமி போத்தலைத் திறந்தார். மணந்தார். குடித்தார். தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். "மொட்டை..." என்று தொடங்கி அதற்கு மேல் போகமுடியாமல், "இது என்ன?" என்றார். எங்கள் சிவப்பரிசி என்றேன். கஞ்சியாக்கி ஊற்றுவதைச் சொன்னேன். மறுபடி ஒரு வாய் குடித்தார்.

பிறகு நானே சொன்னேன். "இது ஐந்து வீதம் வந்திருக்க வேண்டும். பிழைத்துவிட்டது. ஏன் பிழைத்தது என்று தெரியும்." துடுப்பை மேசையில் வைத்து நாலு கோட்டையும் காட்டினேன். அகலக் கிடாரம், ஒடுக்கக் கிடாரம், தண்ணீர்ப் போத்தல், பதினொரு வெறும் போத்தல் என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் துடுப்பைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். நிற்கவே இல்லை. சிரித்து முடித்துவிட்டு, தான் முதலில் வைத்திருந்த தொட்டியில் அளவுக் கோட்டை அடியிலிருந்து போடாமல் குழாய் மட்டத்திலிருந்து போட்டு, ஒரு வருடம் தண்ணியான பியர் விற்றதாகச் சொன்னார். ஏன் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்ததாம். எனக்கு ஒரு மாதம்தான்.

கடைசியில் தாளின் ஓரத்தைக் காட்டி, "இது யார்?" என்றார். மற்ற எல்லாவற்றுக்கும் நிறையக் கதைத்தேன், இதற்கு மட்டும் இரண்டே வசனம்தான். "கணக்குப் பார்ப்பவர். போத்தல் எத்தனை என்று கேட்டவர்" என்றேன். அவர் தலையாட்டினார்.

கமலராணிக்கு நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு போத்தலும் கொடுத்தேன். "பிட்டைவிட இது பறவாயில்லை" என்றா.

உங்களுக்கும் ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன். மட்டையால் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன். உடைந்தால் தபால்காரரோடு சண்டை பிடிக்காமல் எனக்கு எழுதுங்கள்.

உங்கள்,
ரஞ்சினி


நாந்த், 3 ஏப்ரல் 2024

என் ரஞ்சினிக்கு,

போத்தல் உடையவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து, பெரிய கிளாஸில் ஊற்றிக் குடித்தேன். கசப்பு தூக்கல் என்றாய். கொஞ்சம் தூக்கல்தான். அரிசி வந்து அதை உட்கார வைக்கிறது. ஜெர்மேன் ஒரு வாய் கேட்டாள். கொடுத்தேன். இன்னொரு வாய் கேட்டாள். சன்னலைத் திறக்கவில்லை.

நீ ஓரத்தில் எழுதியது பற்றி. உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். பிறப்புப் பதிவேட்டில் ஒருமுறை எழுதி முடித்த பக்கத்தில் நாங்கள் எதையும் அழிக்கமாட்டோம். பின்னால் தெரியவருவதை ஓரத்தில்தான் எழுதுவோம். பிள்ளைக்குக் கல்யாணமானால் ஓரத்தில். இந்தப் பிள்ளை என்னுடையதும்தான் என்று ஒருவர் பிறகு வந்து சொன்னால், அதுவும் ஓரத்தில். உள்ளே எழுதியதற்கு என்ன மதிப்போ அதே மதிப்பு அதற்கும் உண்டு. முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். என் பெயரை ஓரத்தில் எழுதியது நீதான். அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன், பியர் குடித்ததால் இல்லை.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு மொம்பர்னாஸ் ரயில் நிலையத்தில் இறங்குகிறேன். அண்டாவைத் துடைத்துக் கட்டி வைத்துவிட்டேன். அது இனி லா ஷப்பலில்தான் இருக்கும். தூக்குவதற்குப் பாலேந்திரனை அழைத்து வா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல். கடைக் கிடாரத்துக்கும் துடுப்பின் மறுபக்கத்தில் கோடு போட வேண்டும். கத்தியைத் தீட்டி வை. நான் வரும் வரைக்கும் ஒரு கோடும் வெட்டாதே.

மரி-லூயிஸ்